ஓலை முதல் ஆணை வரை: வழக்குமன்றச் சொற்களின் வரலாறு

வெள்ளியங்கிரி மலையடியில் நொய்யல் வளம் பெற்ற தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் வழக்கு எனின், வண்டித்தடம், வரப்பு, கிணற்றுப் பங்கு ஆகியவையே உழவர் நினைவில் முதலில் எழும். தம் நிலத்தின் ஒவ்வோர் அடியையும் அறிந்த அவர்கள், அந்நிலத்தைக் குறித்து நீதிமன்றத்தில் எழுதப்படும் தாளின் சொற்களை அறியாமல் நிற்பதுண்டு. தன் வழக்கின் மொழி தனக்கே விளங்காதவன், தீர்ப்பு வருமுன்பே பாதி உரிமையை இழந்தவனாகிறான். ஆகவே நீதிமன்றச் சொற்களின் வரலாறு சட்டம் பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று. சொல்லைத் தொழிலாகக் கொண்ட புலவர்க்கும் உரியது.

ஓலைக் காலம்

தொண்டாமுத்தூருக்கு அண்மையிலுள்ள பேரூரைத் தில்லைப் பதிகத்தில் நினைந்து பாடியவர் சுந்தரர். அவரது வரலாற்றிலேயே தமிழின் புகழ்பெற்ற வழக்கொன்று அமைந்துள்ளது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஒரு முதியவர், சுந்தரர் தமக்கு அடிமை என வழக்குரைத்தார். சுந்தரர் பறித்துக் கிழித்தது படியோலை. முதியவர் அவையில் காட்டியது மூல ஓலை. சுந்தரருடைய பாட்டனாரின் வேறு எழுத்தை வருவித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே அவையினர் தீர்ப்புக் கூறினர்.

12ஆம் நூற்றாண்டில் சோழ அரசின் அமைச்சராக விளங்கிய சேக்கிழார் இந்நிகழ்ச்சியைப் பாடுகையில், வழக்கை நிறுவும் சான்று மூன்று எனக் காட்டுகிறார். நெடுநாள் துய்த்துவரும் ஆட்சி ஒன்று; எழுதப்பட்ட ஆவணம் மற்றொன்று; அயலார் கண்டுகூறும் சாட்சியம் மூன்றாவது. இன்று அனுபவ பாத்தியம், பத்திரம், சாட்சி எனப் பேசப்படுவன இவையே. சட்டத் தமிழ் புதிதாகத் தோன்றியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கச்சேரிக் காலம்

பின்னர் ஆட்சிகள் மாறின. அவற்றோடு அரபு, பாரசீகச் சொற்கள் வந்து சேர்ந்தன. வக்கீல், முன்சீப், ஜாமீன், ஜப்தி, ஆஜர், பிராது, வாய்தா என்பன அவ்வழி வந்தவை. மூல ஓலை ‘அசல்’ ஆயிற்று. படியோலை ‘நகல்’ ஆயிற்று. மூலம் என்பதற்கு வேர் என்பது பொருள். அரபு மொழியில் ‘அசல்’ என்பதற்கும் அதுவே பொருள். மொழி வேறாயினும் மாந்தர் கருத்து ஒன்றே என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன. ‘வாய்தா’ என்பதன் மூலப்பொருள் வாக்குறுதி. நீதிமன்றப் படியேறி அலைந்தவர்க்கு அது நாள் தள்ளிப்போவதையே குறிக்கலாயிற்று.

ஆங்கில ஆட்சியில் சம்மன், வாரண்டு, அப்பீல், டிகிரி ஆகியவை அவற்றோடு கலந்தன. அந்நாளில் இவ்விடைவெளியை உணர்ந்து உழைத்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்து, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். தமிழின் முதல் நாவலைத் தந்த கையே சட்டத்தையும் தமிழில் தந்தது என்பது புலவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆணைக் காலம்

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழி செய்தது. அதனால் வலுப்பெற்ற சொற்களை ஒரு வண்டித்தட வழக்கைக் கொண்டே மாணவர்க்கு விளக்கலாம். தடத்தை அடைத்தமைக்காக முறையிடுபவர் வாதி, அடைத்தவர் பிரதிவாதி. முன்னவர் தருவது வழக்குரை. பின்னவர் தருவது எதிர்வழக்குரை. நீதிமன்றத்திற்கு வருமாறு பணிப்பது அழைப்பாணை. வழக்கு முடியும்வரை தடத்தை மறிக்காதே என்பது இடைக்காலத் தடையாணை. தரப்பினர் அழைத்த சாட்சியை அவர் தரப்பே வினவுவது முதல் விசாரணை. எதிர்த்தரப்பு வினவுவது குறுக்கு விசாரணை. நீதிபதி காரணங்காட்டி உரைப்பது தீர்ப்பு. அதன்வழி எவருக்கு என்ன உரிமை என வரையறுப்பது தீர்ப்பாணை.

அதே தகராறு கைகலப்பாக முடிந்தால் குற்றவியல் சொற்கள் வருகின்றன. பிடியாணை கைது செய்யப் பணிப்பது, பிணை விடுவிப்பது. குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே ஒருவரைக் குற்றவாளி என்பது மொழிப் பிழை மட்டுமன்று, அறப்பிழையுமாம்.

இன்னும் வேண்டுவது

உயர்நீதிமன்ற மொழி இன்றளவும் ஆங்கிலமே. அங்குத் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. உச்சநீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு 2012இல் அதனை ஏற்கவில்லை. எனினும் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சில 2019 முதல் தமிழாக்கம் பெற்று வருகின்றன. 2024 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டங்கள் ‘பாரதிய நியாய சன்ஹிதா’ முதலிய பெயர்களைத் தாங்கி வந்துள்ளன. இவற்றையும் தமிழில் விளக்கும் கடமை இப்போது சேர்ந்திருக்கிறது.

‘வழக்கு’ என்னும் சொல்லுக்கு நீதிமன்றப் பூசல் என்றும் பொருள். மக்கள் பயிற்சி என்றும் பொருள். அழைப்பாணையும் பிணையும் அகராதியில் இருந்தால் போதாது. உழவர் நாவிலும் பயில வேண்டும். சொல் மக்கள் வழக்கில் வென்றாலன்றி, மக்கள் தம் வழக்கில் வெல்வது அரிது. அச்சொற்களைப் பள்ளிக்கும் பாட்டுக்கும் கொண்டு சேர்ப்பது தமிழ் வளர்க்கும் மன்றங்களின் பணியாகும்.