சிம்லா: மரங்களுக்கு இடம் விட்ட வீடுகள்

தில்லித் தமிழர்களாகிய நாம் கோடையில் நாடும் சிம்லா, 1864இல் ஆங்கில அரசின் கோடைத் தலைநகராயிற்று. அன்றைய மாளிகைகள் பல, தேவதாருக்களிடையே விலகி விலகி அமைந்தன. மரச்சட்டங்களுக்குள் கல் நிரப்பிய சுவர்களும் உண்டு. மரங்கள் கண்ணுக்கு விருந்தாயின. அவற்றின் வேர்களோ சரிவைப் பற்றி நின்றன. (கீழ்க் கடைத்தெருவில் நெருக்குண்டு வாழ்ந்த எளியோர்க்கு அக்காட்சி வாய்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

விடுதலைக்குப் பின் சரிவை வெட்டி அடுக்குமாடிகள் எழுந்தன. 2000இல் 17 பசுமைப் பகுதிகளின் காலிமனைகளில் கட்டடம் தடுக்கப்பட்டது. பிற இடங்களுக்கு இரண்டு தளமும் கூரையறையுமே எல்லை என்று 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்தது. 2023 ஆகஸ்டில் சம்மர்ஹில் மலைச்சரிவு ஒரு சிவாலயத்தோடு 20 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, நகரின் புதிய வளர்ச்சித் திட்டத்திற்கு வழிவிட்டது.