மைக்கூடும் பிரிமணையும்

எழுத்தின் சரித்திரத்தைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது எழுதுகோலுக்கு எப்படியும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. எழுத்தாணிக்குக் கிடைக்கிறது, இறகுக்குக் கிடைக்கிறது, பவுண்டன் பேனாவுக்கு அளவுக்கு மீறியே கிடைத்திருக்கிறது. மைக்கும் இரண்டு வரி உண்டு. மைப்புட்டி எதன் மேல் நின்றது, எதனால் கவிழாமல் இருந்தது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. அற்ப விஷயம் என்ற அபிப்பிராயம் காரணமாக இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு கவிஞரின் பதினொரு கவிதைகள் இந்த அற்ப விஷயத்தால் போயின. அதில் என் பங்கும் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்றாலும், கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டியிருக்கிறது.

ஓலையில் எழுதிய நாட்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஓலையை இடது கையில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை எழுத்தாணிக்கு அணையாகக் கொடுத்து, நின்றபடிகூட எழுத முடிந்தது. எழுதும்போது நிகழ்வது கீறல்தான். மை பின்னால் வருகிறது. விளக்குக்கரியோ, கோவையிலைச் சாறோ, மஞ்சளோ தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் நிறம் தங்கும். புதுச் சுவடிக்கு மை தடவிப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு மையாடல் என்று பெயரே இருந்தது. ஆக, எழுதும் கணத்தில் உடனிருக்க வேண்டிய திரவமாக மை இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளைச் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் ஒருவர் ஓலையில் எழுதிக்கொண்டே வருவார் என்பது அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையர் மூலம் நமக்குத் தெரிந்த காட்சி. அந்தக் காட்சியில் மேஜை இல்லை, புட்டி இல்லை, கவிழ்வதற்கு எதுவுமே இல்லை. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ல் அச்சில் கொண்டுவந்தபோது நிலைமை வேறு. ஓலையில் இருப்பதைக் காகிதத்தில் பெயர்த்தாக வேண்டும். காகிதத்துக்கு அடியில் ஒரு பரப்பு வேண்டும். பரப்பு வந்தால் மையும் அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

பிற இடங்களில் இந்தத் தொல்லை மிகப் பழையது. ஐரோப்பாவின் மத்தியகாலச் சுவடிகளில் நற்செய்தியாளர்கள் உட்கார்ந்து எழுதுவதாக வரைந்திருக்கும் படங்களைக் கவனித்தால், பலவற்றில் மை இருப்பது மாட்டுக்கொம்பில். கொம்புக்கு முனைதான் உண்டு, அடி கிடையாது. அது தானாக நிற்காது. ஆகவே சாய்வு மேஜையில் ஒரு துளை போட்டு அதில் கொம்பைச் செருகியிருப்பார்கள். மைதாங்கியின் ஆதி வடிவம் ஒரு பொருள்கூட இல்லை, வெறும் ஓட்டை. இதே ஓட்டைதான் பல நூற்றாண்டுகள் கழித்துப் பள்ளிக்கூட மேஜையில் பீங்கான் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது. நான் படித்த பள்ளியில் கிண்ணங்கள் எப்போதோ மறைந்துவிட்டன. ஓட்டைகள் இருந்தன. அவற்றில் புளியங்கொட்டை போட்டு விளையாடினோம். அது எதற்கான ஓட்டை என்று எங்களில் யாரும் வாத்தியாரைக் கேட்கவில்லை.

அராபிய, பாரசீக எழுத்துக் கலைஞர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். வெளியே தாங்கி வைப்பதற்குப் பதிலாக மைக்கூட்டுக்குள்ளேயே பட்டு நூலைப் பஞ்சுபோலத் திணித்தார்கள். லீகா என்று அதற்குப் பெயர். மை நூலில் ஊறியிருக்கும். கூடு சாய்ந்தாலும் மை சட்டென்று ஓடிவிடாது. எழுதுகோலும் வேண்டிய அளவுக்கு மேல் தொட்டுக்கொள்ளாது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்ணாடிக்காரர்கள் புட்டியையே மாற்றினார்கள். அடி அகன்று மேலே குறுகி, விரித்த குடைபோல இருக்கும் சிறு புட்டிகள் அவை. அங்கே தாங்கியும் புட்டியும் ஒன்றாகிவிட்டன.

நம் பக்கத்தில் வந்து சேர்ந்தது அந்தக் குடைப்புட்டி இல்லை. ஏழைப்பட்ட வீடுகளுக்கு மை பெரும்பாலும் புட்டியாகவே வரவில்லை. அன்னபேதியும் கடுக்காயும் ஊறவைத்து வீட்டிலேயே செய்துகொண்டவர்கள் இருந்தார்கள். பிறகு மைத்தூளும் வில்லையும் வந்தன. இன்று காம்லின் என்று நாம் அறிந்த பம்பாய்க் கம்பெனி 1931ல் தொடங்கியதே குதிரை மார்க் மைத்தூளும் வில்லையும் விற்றுத்தான். தூளை வாங்கினால் புட்டி உங்கள் பொறுப்பு. வீட்டில் கிடைப்பது மருந்துப்புட்டி. ஒல்லியாக, உயரமாக, லேசாகத் தட்டினால் விழுந்துவிடுகிற ஜாதி. தாங்கி ஒன்று செய்தே ஆக வேண்டும் என்ற நிலைமை இப்படித்தான் உண்டாயிற்று.

என் தகப்பனார் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் தாழ்வாரத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். பாயில் உட்கார்ந்து, முன்னால் சாய்வுப்பெட்டி வைத்துக்கொண்டு எழுதுவார். சாய்வில் புட்டி நிற்காது. பக்கத்தில் தரையில் வைத்தால் கட்சிக்காரர்களின் கால்கள். கிரயப் பத்திரத்தின் ஸ்டாம்ப் தாளில் மை கொட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்கு மனப்பாடம். 1899ஆம் வருஷத்து ஸ்டாம்ப் சட்டம் கெட்டுப்போன தாளுக்கு ஈடு தருகிறது. ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதுவரை புதுத் தாளுக்கான பணம் யார் கையிலிருந்து என்று சட்டம் சொல்லவில்லை. தாழ்வாரம் சொல்லிற்று.

அவர் செய்த தாங்கி ஒரு பிரிமணை. பானையின் அடி உருண்டை, தரையில் நிற்காது, எனவே வைக்கோலைப் பிரியாக முறுக்கி வளையமாக்கி அதன் மேல் வைப்பது நம் சமையலறைகளில் எந்தக் காலத்திலிருந்தோ இருந்துவருவது. அதையே கைப்பிடி அளவில் தேங்காய் நாரில் முறுக்கி, மேலே பழைய வேட்டித் துணியை இறுக்கமாகச் சுற்றியிருந்தார். புட்டியை அழுத்தினால் பாதிவரை உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். வழிந்த மையைத் துணி குடித்துவிடும். லீகாவைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். துளையையும் பஞ்சையும் ஒரே பொருளில் கொண்டுவந்துவிட்டார் என்று நான் இன்று எழுதினால் அதை அவர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். அம்மாவிடம் கேட்டு முறுக்கிக்கொண்டது என்பார்.

மைக்கூடு என்ற சொல்லை அவர் மைப்புட்டிக்குச் சொல்லமாட்டார். புட்டியைப் புட்டி என்பார். வளையத்தைத்தான் "கூட்டை எடு" என்பார். கூடு என்றால் பறவை கட்டுவது, அகப்பட்டதைக் கொண்டு கட்டுவது. அகராதி மைக்கூடு என்பதற்குப் புட்டியையும் சேர்த்துத்தான் பொருள் சொல்கிறது. அகராதியைவிடத் தாழ்வாரம் சரியாகப் பேசியதாக எனக்குத் தோன்றுகிறது. மகனுடைய பாரபட்சமாகவும் இருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள புட்டி, அதன் பாரம் மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் குவிந்திருந்தால், சுமார் 40 பாகை சாய்ந்தால்தான் கவிழும். அதைப் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள கூட்டில் இறுக்கிவிட்டால் கிட்டத்தட்ட 59 பாகை வரை தாங்கும். இடைப்பட்ட 19 பாகையில்தான் முழங்கை படுகிறது.

வாட்டர்மன் 1884ல் தன் பேனாவுக்குப் பேடண்ட் வாங்கினார். அதற்குப் பிறகு பவுண்டன் பேனா பரவியபோது, மேஜையிலிருந்து புட்டி விடைபெற்றுவிடும் என்று எதிர்பார்த்திருக்கலாம். விடைபெறவில்லை. தினம் முழுதும் இருந்த ஆபத்து சில நிமிஷங்களுக்குள் சுருங்கிற்று, அவ்வளவுதான். அந்தச் சில நிமிஷங்கள் மோசமானவை. மூடி திறந்திருக்கிறது, ஒரு கையில் பேனாவின் கழுத்து, மறு கையில் அதன் வால், புட்டியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. மை அடியில் போய்விட்டால் புட்டியைச் சாய்த்தும் பிடிக்க வேண்டும். ஷீஃபர் கம்பெனியார் ஸ்க்ரிப் மைப்புட்டியின் கழுத்தருகே உள்ளுக்குள் ஒரு சிறு கிண்ணம் வைத்தார்கள். பெலிக்கன்காரர்கள் சாய்த்து வைத்தால் நிற்கும்படி பக்கத்தைச் சரிவாக வார்த்தார்கள். நாங்கள் புட்டிக்கு அடியில் தீப்பெட்டியை முட்டுக்கொடுத்தோம்.

1978ல் நண்பர் ஒருவரின் அறையில் நடந்தது அப்படி ஒரு தீப்பெட்டியால்தான். அவர் பெயர் வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்குத் தெரியும். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கவிதைகளை எண் போட்டு எழுதிவைத்திருந்தார். வேறு பிரதி கிடையாது. நான் என் பேனாவுக்கு மை போட்டுக்கொண்டே ஏதோ விவாதத்தில் இருந்தேன் (விமர்சனத்தில் ரசனையின் இடம் பற்றி என்று நினைவு, இன்றைக்கும் தீராத விவாதம்). கை தட்டிற்று. நோட்டு விரிந்து கிடந்தது.

கொட்டியது கழுவினால் போகிற நீலம். நண்பர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிக் குழாயடியில் பிடித்தார். பைத்தியக்காரத்தனம் என்று நான் கத்தினேன். ஆனால் அவர் செய்தது சரி, பாதி சரி. வழக்கமாக அவர் எழுதியது நீலக்கறுப்பில். அந்த மையில் இரும்பு இருந்தது. அத்தகைய மை காகித நாருக்குள் இறங்கிக் காற்றுப் பட்டதும் கறுத்து, நீரில் கரையாததாக மாறிவிடும். கொட்டிய நீலம் ஓடி, அடியிலிருந்த எழுத்து மேலே வந்ததை நான் நின்று பார்த்தேன். படம் கழுவுகிற மாதிரி இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நடுவில் சில மாதங்கள் கடையில் நீலக்கறுப்பு கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் எழுதியதெல்லாம் அதே கழுவினால் போகிற நீலம். எங்கள் கண்ணெதிரே அவையும் சேர்ந்து ஓடின.

"விடுங்க, போனது போகட்டும்" என்றார். ஞாபகத்திலிருந்து எழுதிவிடலாமே என்று மறுநாள் கேட்டேன். எழுதினால் அது வேறு கவிதையாகிவிடும் என்று மறுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் போனபோது மேஜையில் ஒரு சிரட்டை இருந்தது. நிறைய சிமெண்டு குழைத்து ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே புட்டியைப் பதித்து எடுத்திருந்தார். அடி உருண்டை என்பதால் சிரட்டை ஆடிற்று. ஆனால் பாரம் முழுவதும் கீழே என்பதால் தட்டினால் சாய்ந்துவிட்டுத் தானே நிமிர்ந்துகொண்டது, தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி. நான் இருக்கும்போது இரண்டு தடவை தட்டிக் காண்பித்தார்.

தொகுப்பு 1983ல் வந்தது. நமது வட்டாரத்துப் பத்திரிகை ஒன்றில் வந்த மதிப்புரை, தொகுப்பின் நடுவே தெரியும் இடைவெளியைப் பற்றி நீளமாகப் பேசிற்று. கவிஞர் ஒரு மொழியைக் கைவிட்டு இன்னொன்றை வந்தடைகிறார், இடையில் பிரக்ஞைபூர்வமான மௌனம் இருக்கிறது என்று அதில் இருந்தது. கட்டுரை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அந்த மௌனத்தை எடுத்தாண்டிருக்கிறார்கள். நண்பரிடம் காட்டினேன். சிரித்தார். மறுத்து எழுதலாமே என்றதற்கு, என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். நானும் எழுதவில்லை. 1996ல் அவர் போய்விட்டார். அந்த இடத்தில் மௌனம் இருக்கவில்லை, தீப்பெட்டிதான் இருந்தது என்பதை இப்போதாவது பதிவுசெய்கிறேன். முதல் பகுதியின் இறுக்கத்திலிருந்து பிற்பகுதியின் பேச்சுத் தொனிக்கு அவர் படிப்படியாகத்தான் வந்தார். அந்தப் படிகள் அந்தப் பதினொன்றில் இருந்தன. நான் அவற்றை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். ஒரு வரிகூட நினைவில் இல்லை.

தங்கையின் பேரன் பவுண்டன் பேனா பைத்தியம். இந்த நாளில் இரண்டு மில்லிலிட்டர், ஐந்து மில்லிலிட்டர் என்று மாதிரிக்கு மை விற்கிறார்கள். விரல் பருமனில் பிளாஸ்டிக் குழாய்கள். ஒரு சென்டிமீட்டர் அகலமும், இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பாரமும் என்றால் 14 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். தச்சரிடம் சொல்லி வேப்பமரக் கட்டையில் ஒன்பது துளை போட்டு வைத்திருக்கிறான். மறுபடியும் அந்த ஓட்டைதான். துளைக்கு உள்ளே கொஞ்சம் துணி வைக்கச் சொன்னேன். கூகிளில் அப்படி இல்லை என்றான்.

சிரட்டை என் மேஜையில் இருக்கிறது. நோட்டும் என்னிடம்தான் வந்தது. காய்ந்து உப்பிப்போய் மூட வராது. நடுப் பக்கங்கள் வெளிறிய நீலமாக இருக்கின்றன. எண்களை மட்டும் அவர் பென்சிலால் போட்டிருந்தார். 23லிருந்து 33 வரை, பக்க மூலைகளில், ஒன்றுகூடக் கலையாமல் இருக்கின்றன.