முறுக்கும் சட்டமும் முக்கோணக் குழாய்களும்



காலணி வாங்கும்போது கடையில் கொடுக்கும் அட்டைப் பெட்டி உங்கள் வீட்டில் ஒன்றாவது கிடக்கும். அதன் மூடியைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவது போல் திருகிப் பாருங்கள். பெட்டி நெளிந்து கொடுக்கும். இனி மூடியைப் போட்டு, சுற்றிலும் பசைநாடா ஒட்டிவிட்டுத் திருகுங்கள். அதே அட்டை, ஆனால் அசைய மறுக்கும். கூரையில்லாத பந்தயக் காருக்கும் கூரையுள்ள காருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மூடியில்லாத அந்தப் பெட்டியை முறுக்காமல் நிறுத்துவதற்கு மனிதன் பட்ட பாட்டின் வரலாற்றைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஆதியில் கார் என்பது குதிரையை அவிழ்த்துவிட்ட வண்டியே. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள். அவற்றுக்கிடையே சில குறுக்குச் சட்டங்கள். லயத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் மூங்கில் ஏணியைத் தரையில் கிடத்தினால் எப்படியோ, அப்படி. ஏணி மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். ஆனால் அதன் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள், மற்ற மூன்று மூலைகளும் தரையிலேயே கிடக்கும். ஏணி முறுக்கிக்கொள்ளும்.

இது குறையென்று அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எண்ணவில்லை. ஸ்பிரிங்குகளை இறுக்கமாக வைத்தார்கள். மேடுபள்ளங்களைச் சட்டமே நெளிந்து ஏற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போகும் வரை அது நன்றாகவே நடந்தது. வேகம் கூடியபோதுதான் வினை தொடங்கியது. சட்டம் முறுக்கும்போது அதுவே ஒரு ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. மற்ற ஸ்பிரிங்குகளுக்கு ஆட்டத்தை அடக்கும் கருவி உண்டு. இந்த ஸ்பிரிங்குக்கு இல்லை. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் ஒன்று சொல்ல, பின்சக்கரங்கள் வேறொன்று சொல்லும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பாரம் போகிறது என்பதை ஓட்டுநரும் அறியமாட்டார், பட்டறைக்காரரும் அறியமாட்டார். இந்த முறுக்கை எதிர்க்கும் வலுவையே முறுக்கு விறைப்பு என்கிறோம்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது? கனத்த இரும்பிலிருந்து என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மைதான். ஒரு முழு மூங்கிலைத் திருகிப் பாருங்கள், முடியாது. அதே மூங்கிலில் நீளவாக்கில் ஒரு கீறல் விட்டுவிட்டுத் திருகினால் எளிதாகச் சுழலும். கணக்கும் இதையே சொல்கிறது. ஆரம் தகட்டின் தடிப்பைப் போல் 10 மடங்குள்ள ஓர் உருக்குக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதை நீளவாக்கில் பிளந்துவிட்டால் அதன் முறுக்கு விறைப்பு 300இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரும்பின் எடை ஒரு குன்றிமணியும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். மூடிய வடிவமே வலு.

இதை முதலில் கார் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தவர்களுள் ஒருவர் இத்தாலியைச் சேர்ந்த வின்சென்சோ லான்சியா. 1922இல் அவர் வெளியிட்ட லாம்ப்டா காரில் தனிச் சட்டமே கிடையாது. தகட்டால் ஆன உடலே பாரத்தைத் தாங்கியது. பிறகு 1934இல் பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் அந்த முறையைப் பெருமளவில் விற்பனையாகும் காருக்குக் கொண்டுவந்தது. ஆனால் பந்தயக் கார் செய்வோருக்கு அது உடனே பயன்படவில்லை. தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பெரும் இயந்திரங்கள் அவர்களிடம் இல்லை. குழாயும் பற்றவைக்கும் கருவியும்தான் இருந்தன.

அவர்கள் கண்ட வழி முக்கோணம். நம் தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் நட்டு வைத்திருக்கும் கோல் கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பு, மேலே ஒரு கம்பு. பக்கவாட்டில் தள்ளினால் சாய்கிறது. மூலைக்கு மூலை ஒரே ஒரு கம்பைச் சாய்வாகக் கட்டிவிட்டால் ஆள் ஏறித் தொங்கினாலும் சாயாது. நான்கு பக்கமுள்ள உருவம் நெளியும், முக்கோணம் நெளியாது. அதில் உள்ள ஒவ்வொரு கம்பும் ஒன்று இழுபடும், அல்லது அமுக்கப்படும்; வளையும் வேலை அதற்கு இல்லை. ஆகவே மெல்லிய குழாயே போதும்.

ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் ருடால்ஃப் ஊலன்ஹவுட் என்னும் பொறியாளர் 1952இல் இந்த முறையில் 300 எஸ்எல் பந்தயக் காரை அமைத்தார். மெல்லிய குழாய்களால் பின்னிய அந்தக் கூட்டின் எடை ஏறத்தாழ 50 கிலோகிராம்தான். ஆனால் ஒரு சிக்கல். விறைப்பு வேண்டுமானால் பக்கவாட்டில் கூடு உயரமாக இருந்தாக வேண்டும்; உயரமாக இருந்தால் கதவு வைக்க இடமில்லை. கதவைக் கூரையில் கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கும்படி செய்தார்கள். கடற்பறவை சிறகை விரிப்பது போன்ற அந்தக் கதவை அழகுக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். குழாய்களுக்கு வழிவிட்டு வந்த கதவு அது. அவ்வாண்டே அந்தக் கார் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது.

இனி நம் கதையின் நாயகனுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஏசி என்னும் சிறு நிறுவனம் 1953இல் ஏஸ் என்ற திறந்த காரை வெளியிட்டது. ஜான் டோஜெய்ரோ என்பவர் வகுத்த சட்டம்: 3 அங்குல விட்டமுள்ள இரண்டு தடித்த குழாய்கள், குறுக்கே இணைப்புகள். அதாவது நம்முடைய ஏணிதான். சட்டத்துக்குப் பதில் குழாய். ஏறத்தாழ 100 குதிரைத்திறன் எந்திரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அழகான, அடக்கமான கார்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த கேரல் ஷெல்பி கோழிப் பண்ணை நடத்தி, பிறகு பந்தய ஓட்டுநராகி, 1959இல் லெ மான் பந்தயத்தில் ராய் சால்வடோரியுடன் சேர்ந்து வென்றவர். இருதய நோயால் ஓட்டுவதை நிறுத்திய அவர், ஏஸ் காருக்குள் ஃபோர்டு நிறுவனத்தின் 8 சிலிண்டர் எந்திரத்தைப் பொருத்தினார். 1962இல் பிறந்த அந்தக் காரின் பெயர் கோப்ரா. பந்தயத்துக்குத் தயாரித்தபோது எந்திரத்தின் திறன் 350 குதிரைத்திறனைத் தாண்டியது. மாட்டு வண்டியின் நுகத்தடியில் யானையைப் பூட்டிய கதை. குறுகிய வளைவுகளுள்ள அமெரிக்கப் பந்தயத் தடங்களில் கோப்ரா பாய்ந்து வென்றது. ஐரோப்பாவின் நீண்ட நேர்த்தடங்களில் காற்றை முட்டி மோதி, மணிக்கு சுமார் 250 கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. ஃபெராரியின் 250 ஜிடிஓ அதைச் சுலபமாக முந்திச் சென்றது.

ஷெல்பியிடம் வேலை பார்த்த பீட்டர் பிராக் என்னும் இளைஞர் அப்போது ஒரு யோசனை சொன்னார். போட்டி விதிப்படி அடிச்சட்டத்தை மாற்றினால் புதிதாக 100 கார்கள் செய்து காட்ட வேண்டும். மேலுடலை மாற்றத் தடையில்லை. ஆகவே காற்றைக் கிழிக்கும் கூரையுள்ள உடல் ஒன்றைப் பழைய சட்டத்தின் மேலேயே அமைப்போம் என்றார். கலிபோர்னியாவின் வெனிஸ் நகரில் இருந்த பட்டறையில் அந்த உடல் உருவாயிற்று.

காரின் அழகிய பின்புறத்தைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் எழுதியவர்கள் ஏராளம். உள்ளே இருந்த குழாய்களைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம். என் மனம் அந்தக் குழாய்களில்தான் நிற்கிறது. கூரையைத் தாங்க ஏதாவது வேண்டும். கார் கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையைக் காக்கவும் ஏதாவது வேண்டும். அதற்காக இருக்கைக்குப் பின்னால் ஒரு குழாய் வளைவு வைக்கத்தான் வேண்டியிருந்தது. ரோல் பார் என்று பட்டறையில் சொல்வது அதையே. அந்த வளைவைத் தனியே நிற்க விடாமல், அதிலிருந்து முன்னும் பின்னும் மெல்லிய குழாய்களைச் சக்கரங்களைத் தாங்கும் இடங்கள் வரை முக்கோணம் முக்கோணமாக இழுத்து இணைத்தார்கள். நெளிந்துகொண்டிருந்த ஏணியின் மேல் ஒரு கூடு முளைத்தது. இந்த வேலையிலும் சோதனை ஓட்டத்திலும் பிராக்குடன் நின்றவர் கென் மைல்ஸ் என்னும் ஆங்கிலேயர். தாமே ஓட்டி, தாமே குறை கண்டுபிடித்து, தாமே திருத்தும் அபூர்வ மனிதர்.

டேடோனா என்று பெயர் பெற்ற அந்தக் கார்கள் மொத்தம் 6 மட்டுமே. முதலாவது கலிபோர்னியாவிலும், மற்ற ஐந்தின் உடல்கள் இத்தாலியின் மோடனா நகரிலும் செய்யப்பட்டன. ஃபெராரியின் சொந்த வட்டாரத்திலேயே! 1964ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் டான் கர்னியும் பாப் பாண்டுரன்டும் ஓட்டிய டேடோனா தன் பிரிவில் முதலாவதாகவும் மொத்தத்தில் நான்காவதாகவும் வந்தது. அவ்வாண்டுப் பட்டம் ஃபெராரிக்கே போயிற்று. மறு ஆண்டு, 1965 ஜூலை 4ஆம் தேதி, பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் பட்டம் ஷெல்பியின் கைக்கு வந்தது. அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று என்பது தற்செயல்தான். ஆனால் அமெரிக்கர்கள் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

அதே 1965இல் வந்த பெரிய எந்திரக் கோப்ராவுக்குக் குழாயின் விட்டத்தை 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்கினார்கள். ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். தகட்டின் தடிப்பு ஒன்றாகவே இருந்தாலும், விட்டம் இவ்வளவு கூடினால் குழாயின் முறுக்கு விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் உயரும்.

ரோல் பார் பிறந்தது விறைப்புக்காக அல்ல, உயிருக்காக. 1950களில் பல ஓட்டுநர்கள் இருக்கை வாரையே வேண்டாம் என்றார்கள். கார் கவிழ்ந்தால் வெளியே தூக்கி எறியப்படுவதே மேல், தீயில் மாட்டுவதைவிட, என்பது அவர்கள் நம்பிக்கை. 1961இல் ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களுக்கு ரோல் பார் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் பொருத்தப்பட்ட சில வளைவுகள் ஓட்டுநரின் தலையைவிடத் தாழ்வாக இருந்தன. விதியை நிறைவேற்றின, தலையைக் காக்குமா என்று கேட்டவர் இல்லை.

விறைப்பும் உயிர்க்காப்பும் ஒன்றல்ல என்பதை 1966இல் ஒரு சாவு காட்டியது. ஃபோர்டு நிறுவனம் ஜே கார் என்ற புதிய வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தது. தேன்கூடு போன்ற உள்ளமைப்புள்ள அலுமினியப் பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்த அடித்தொட்டி அது; எடை குறைவு, விறைப்பு மிகுதி. ஆகஸ்ட் 17ஆம் தேதி கலிபோர்னியாவின் ரிவர்சைட் தடத்தில் கென் மைல்ஸ் அதை ஓட்டியபோது வண்டி கட்டுமீறி உருண்டு சிதறியது. அவர் அங்கேயே மாண்டார். கையில் திருகிப் பார்த்தபோது அசையாத பொருள், மோதியபோது நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அதே வடிவத்துக்குள் கனமான உருக்குக் குழாய்க் கூடு ஒன்றைப் பொருத்தினார்கள். எடை கூடிற்று, வடிவமைப்பாளர்களின் பெருமை கொஞ்சம் குறைந்தது. மார்க் ஃபோர் எனப்பட்ட அந்த வண்டி 1967இல் லெ மான் பந்தயத்துக்குச் சென்றது. இரவில் மாரியோ ஆண்ட்ரெட்டி ஓட்டிய வண்டி தடுப்பில் மோதி உருக்குலைந்தது. அவர் விலா எலும்பு முறிவோடு உயிர் தப்பினார். அப்பந்தயத்தில் வென்றது அதே வகைக் கார்தான். ஓட்டியவர்கள் டான் கர்னியும் ஏ. ஜே. ஃபாய்ட்டும். ஆண்ட்ரெட்டி பதினொரு ஆண்டுகள் கழித்து, 1978இல், ஃபார்முலா ஒன் உலக வெற்றியாளரானார். மைல்ஸ் செத்திராவிட்டால் அந்தக் கூடு எப்போது வந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பழைய திறந்த கார்களைப் பேணி வைத்திருக்கும் அன்பர்கள் நம் நாட்டிலும் உண்டு. அவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. இருக்கைக்குப் பின்னால் பக்கத்துக்குப் பக்கம் போடும் நேர்த்தண்டு, ஹார்னஸ் பார் என்பது, தோள்வாரைக் கட்டுவதற்குரியது. கோல் கம்பத்தின் மேற்கம்பு போன்றது அது. முறுக்கை அது தனியே பெரிதாகத் தடுக்காது. சாய்வுக் குழாய் சேர்ந்தால்தான் விறைப்பு வரும். வளைவின் பாதத்தை மெல்லிய தரைத் தகட்டில் நேராகத் திருகிவிட்டால், கவிழும் வேளையில் ஆணி காகிதத்தைத் துளைப்பது போல் அது தகட்டைத் துளைத்து இறங்கிவிடும். அதனால்தான் பந்தய விதிகள் பாதத்துக்கு அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகடு வேண்டும் என்கின்றன. 1962 முதல் 1980 வரை வெளிவந்த எம்ஜிபி போன்ற திறந்த கார்களுக்குக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவச் சட்டமே முதுகெலும்பு. நம் மழைக்கு அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே பளபளக்கும் குழாயைப் போடுவது, கரையான் அரித்த தூணுக்கு வர்ணம் பூசுவதுதான். இன்னொன்று: தலைக்கவசம் இல்லாமல் அன்றாடம் ஓட்டும் காரில் தலைக்கருகே வரும் வெற்றுக் குழாயே ஆபத்து, அதற்குத் தடித்த உறை வேண்டும்.

பழம்பொருளில் புதுக் குழாயைச் சேர்ப்பது சரித்திரத்தைக் கெடுப்பதாகாதா என்று கேட்போரும் உண்டு. கண்ணாடிக்குள் வைக்கும் காருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். தடத்தில் ஓடும் காருக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

முதல் டேடோனா கார் இப்போது பிலடெல்பியா நகரிலுள்ள சிமியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2014இல் அமெரிக்கா தன் வரலாற்று வாகனங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கியபோது, அதில் முதலாவதாகப் பதியப்பட்டது அதுதான். அதைப் புதுப்பித்து மெருகேற்றாமல், ஓடிக் களைத்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். நீல உடலுக்கு அடியில், 1964இல் பற்றவைத்த அந்த மெல்லிய குழாய்கள், பழைய ஏணிச் சட்டத்தை இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.