சுருட்டின் பதம்

சுருட்டைக் கெடாமல் வைத்துக் காக்கும் முறையை விவரித்து அண்மையில் ஒரு பத்திரிகையில் எழுதிய அறிஞர் ஒருவர், பெட்டிக்குள் ஈரப்பதம் 70 விழுக்காட்டை ஒட்டி நிற்கவேண்டும் என்று சரியாகவே சொல்லிவிட்டு, போகிற போக்கில், ஈரப்பதத்திலுள்ள 'பதம்' அடி என்றும் நிலை என்றும் பொருள்படும் வடமொழிச் சொல்லே என்று தீர்ப்பும் வழங்கியிருக்கிறார். முன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பின்னதை ஒப்புக்கொள்ள இயலாது.

பல்லவர் சளுக்கியரை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் பட்டயம் பெயர் சொல்லும் மணிமங்கலத்திலே, ஒரகடம் வரை தொழிற்சாலைகள் எழுந்துவிட்ட இந்நாளிலும், ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் குடியானவர் மழை விட்ட மறுநாள் வயலில் இறங்கி ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார்; அது சேறாக ஒட்டாமல் உருண்டு நின்று, விரல் பட்டதும் பொலபொலவென்று உதிருமானால் 'உழவுக்குப் பதம்' என்பார். சுருட்டில் பழகியவர் செய்வதும் இதுவே. இரு விரலுக்கிடையே மெல்ல அழுத்திக் காதருகே வைப்பார். சருகின் ஓசை எழுந்தால் காய்ந்தது, அழுந்தியபடியே கிடந்தால் நமத்தது, அழுந்தி மீண்டால் பதம். காய்ந்த சுருட்டின் மேலிலை வெடிக்கும். நெருப்பு விரைந்தோடிப் புகை நாவைச் சுடும். மணம் தரும் எண்ணெய்ச் சத்து பறந்துபோகும். நமத்ததோ இழுப்புக்கு வராது, அடிக்கடி அணையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூசணமும் பூக்கும். இதற்காகவே ஈரத்தை உண்டு உமிழும் மரத்தால் பெட்டி செய்கிறார்கள். ஸ்பானிய தேவதாரு என்று அதற்குப் பெயரிருப்பினும், உண்மையில் அது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். வடமொழிப் பதம் கன்னடத்தில் 'பத' என்றே நின்று சொல்லைக் குறிக்க, பக்குவத்தைக் குறிப்பதோ 'ஹத' என்று வழங்குகிறது. பத்து 'ஹத்து' ஆனதும் பால் 'ஹாலு' ஆனதும் போல, அம்மொழியின் சொந்தச் சொல்லுக்குரிய மாற்றத்தை அது அடைந்திருக்கிறது. தெலுங்கிலும் 'பதமு' வேறு, உழவுக்கேற்ற ஈரத்தையும் இரும்பின் கூர்மையையும் குறிக்கும் 'பதனு' வேறு. அண்டை மொழிகள் இரண்டும் வேறுபிரித்துக் காட்டும் இரு சொற்கள் தமிழில் ஓருருவாய் மயங்கினவென்பதற்கு இதனினும் சிறந்த சாட்சியம் வேண்டுமோ? பர்ரோவும் எமனோவும் 1961ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியும் பக்குவத்தைக் குறிக்கும் தமிழ்ப் பதத்தையும் ஹத, பதனு என்பவற்றையும் ஓரினமாகவே வைத்திருக்கிறது. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்து 'எண்பதம்' என்பதற்குப் பரிமேலழகர் எளிய செவ்வி என்று பொருள் கொண்டார், அடி என்றாரில்லை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் கரிகாலன் கொண்டாடும் 'தண்பதம்' புதுப்புனலையே குறிக்கிறது. செவ்வியும் ஈரமும் ஒரு சொல்லுக்குள் அடங்கியது உழவன் கண்ட பொருத்தம், இலக்கணி வகுத்ததன்று.

சுருட்டு என்பதையே போர்த்துக்கீசிய மொழியின் கொடை என்பாரும் உளர். புகையிலை வேண்டுமானால் அவர்கள் கொண்டுவந்ததாகுக. சுருளும் சுருட்டுதலும் பாயும் ஓலையும் உள்ள நாள்முதல் நம்முடையவை. தமிழர் சுருட்டே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று என்பதை 1886ல் யூலும் பர்னலும் தங்கள் அகராதியில் எழுதிவிட்டார்கள். திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக் கொண்டே ஷெர்லக் ஹோம்ஸ் துப்புத் துலக்குமாறு 1887ல் கானன் டாயில் கதை எழுதும் அளவுக்கு அதன் கீர்த்தி கடல் கடந்திருந்தது. இவ்வாதம் இத்துடன் நிற்க.

தோல் பதனிடுதலில் இருக்கும் 'பதன்' தெலுங்குப் பதனுவின் உடன்பிறப்பு, ஐயத்துக்கு இடமில்லை. பதநீரைப் பற்றியே வழக்கு மிகுதி. அடிமரத்து நீர் என்றெல்லாம் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி, கள்ளாகப் புளித்துவிடாமல் உரிய பக்குவத்திலே நிறுத்திய சாறு வேறெந்தப் பதத்தால் பெயர்பெறும்? குடியானவர் கைப்பிடி மண்ணிலே கண்ட அந்தப் பதமே பனையேறியின் கலயத்திலும் இருக்கிறதென்பது என் துணிபு.