எலும்போடு ஒட்டும் கண்ணாடி

கண்ணாடி என்றால் நமக்கு வளையலும் சீசாவும்தான். 1969-இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருக்கிய கண்ணாடியோ எலும்போடு ஒட்டிக்கொண்டது. மணற்சத்தாகிய சிலிக்கா 45 பங்கு. மீதி சோடா, சுண்ணாம்பு, கொஞ்சம் பாஸ்பரஸ். சோடியம் கரைந்து வெளியேற, மேலே சிலிக்காக் கூழ் படியும். அதன்மேல் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் எலும்புத் தாதுவைப் போலவே உறையும்.

இதை உடலுக்கு வெளியே பார்க்க, ஜப்பானில் கொகுபோ 1990-இல் இரத்தநீரின் உப்புகளை ஒத்த கரைசலை வெளியிட்டார். சூடு 36.5 டிகிரி.

ஐ.ஐ.டி. வந்திருக்கும் ஏர்பேட்டில் கடை நடத்தும் சமணன் நான். முயலின் காலைத் துளைக்குமுன் பாத்திரத்தில் பார்த்துவிட்டால் சில உயிராவது மிஞ்சுமே! ஆனாலும் படலம் விழுந்ததாலேயே எலும்பு ஒட்டும் என்று அடித்துச் சொல்லிவிட முடியாதுங்க. அந்த நீரில் புரதம் கிடையாது, உயிரணு கிடையாது. 2009-இல் போனரும் லெமேத்ரும் இந்தச் சோதனையையே கேள்வி கேட்டார்கள். ட்ரைகால்சியம் பாஸ்பேட், கரைசலில் படலம் காட்டாதபோதும் எலும்போடு ஒட்டுகிறது.