இரண்டு பவுண்டு துண்டுத்துணி

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், தேசியக் கலைக்கூடத்தில் ஒரு பெரிய விரிப்பு இருக்கிறது. மூன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஏறக்குறைய அதே அகலம். மொத்தம் 2,815 துண்டுத்துணிகள். வெள்ளைக்காரர்கள் குயில்ட் என்று சொல்லும் ஒட்டுத்துணிப் போர்வை வகைதான், ஆனால் இதற்குள் பஞ்சு கிடையாது. வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும் என்பதால் அரிதாகத்தான் வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள். நான் பார்த்ததெல்லாம் படத்தில்தான். தையல் டீச்சராகவே காலம் தள்ளியவள் நான். எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பேன். முடிச்சை எங்கே போட்டாள், நூல் தீர்ந்த இடத்தில் என்ன செய்தாள் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். படத்தில் அதற்கு வழியில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

முன்பக்கத்தை வைத்தே சில விஷயம் சொல்லலாம். நடுவில் வெள்ளைத் துணி. அதன்மேல் பூப்போட்ட சீட்டித்துணியிலிருந்து பறவையையும் பூவையும் தனியே வெட்டி எடுத்துப் பதித்துத் தைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் பன்னிரண்டு கரைகள். எல்லாம் ஒரே கை தைத்ததில்லை. சில இடங்களில் தையல் பொடிப்பொடியாக, அளந்து வைத்த மாதிரி ஓடுகிறது. சில இடங்களில் ஊசி பிடிக்கவே அப்போதுதான் கற்றவள் தைத்திருக்கிறாள். அங்கங்கே விரலில் குத்திக்கொண்ட ரத்தத்தின் சிறு கறையும் இருக்கிறதாம். என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் துணியில் கறை பட்டதும் அழுதுவிடுவார்கள். பச்சைத் தண்ணீரில் உடனே அலசினால் போய்விடும் என்று சொல்லிக் கொடுப்பேன். இவர்கள் தைத்த இடத்தில் நல்ல தண்ணீரை அளந்துதான் ஊற்றுவார்கள்.

ஏனென்றால் இது கப்பலில் தைத்தது, தைத்தவர்கள் கைதிகள். 1841 ஏப்ரல் 5ஆம் தேதி லண்டனை ஒட்டிய வுல்விச்சிலிருந்து ‘ராஜா’ என்ற கப்பல் 180 பெண் கைதிகளோடு புறப்பட்டது. இன்று டாஸ்மேனியா என்று சொல்கிற வான் டீமன் நிலத்தின் ஹோபார்ட் துறையை ஜூலை 19ஆம் தேதி அடைந்தது. அந்தக் காலத்தில் கொஞ்சம் துணி திருடினாலே ஏழு வருட நாடுகடத்தல் கிடைக்கும். திரும்பி வருகிற செலவு அவரவர் பாடு, அதனால் பெரும்பாலும் அது ஆயுளுக்கும்தான்.

விரிப்பின் ஒரு பக்கத்தில் மெல்லிய பட்டு நூலில், கிராஸ் ஸ்டிச்சில், ஒரு வாசகம் இருக்கிறது. கைதிக்கப்பல் குழுவின் சீமாட்டிகளுக்கு, ராஜா கப்பலின் கைதிகள் பயணத்தின்போது தைத்து அளிப்பது என்று ஆரம்பிக்கிறது. எங்கள் நலனுக்காக நீங்கள் பட்ட பாட்டை நன்றியோடு நினைக்கிறோம் என்கிறது. அதோடு நின்றிருக்கலாம். சுறுசுறுப்பாக உழைக்கச் சொன்ன உங்கள் அன்பான அறிவுரையை நாங்கள் தட்டவில்லை என்பதற்கு இதுவே சாட்சி என்றும் சேர்த்திருக்கிறார்கள். கீழே 1841 ஜூன் என்று மாதமும் வருடமும். தைத்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தக் கடைசி வரி எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நன்றி சொல்கிறபோதே ‘நான் ஒழுங்காக இருந்தேன்’ என்றும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது அவர்களுக்கு. அது கைதிகளின் வாயிலிருந்து தானாக வந்த பேச்சாக எனக்குப் படவில்லை. தையல் அவர்களுடையது.

சரி, எதற்காக இந்த நன்றி? ஒரு பைக்காக. எலிசபெத் ஃப்ரை என்ற அம்மையாரைச் சுற்றி அமைந்த பெண்கள் சங்கம், கப்பலேறுகிற ஒவ்வொரு கைதிக்கும் ஒரு பை கொடுத்தது. உள்ளே நாடா, பத்து கெஜம் துணி, வெள்ளை நூல் உருண்டை நாலு, கறுப்பு, சிவப்பு, நீல நூல் உருண்டை ஒவ்வொன்று, கறுப்புக் கம்பளி நூல், கலர் நூல் சிட்டம் 24, ஒரு விரலுறை, ஊசி 100, குண்டூசி, கத்தரிக்கோல், கூடவே இரண்டு பவுண்டு துண்டுத்துணி. இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது நான் தலையாட்டினேன். தைக்கத் தெரிந்தவர் போட்ட கணக்கு இது. வெள்ளை நூல் நாலு, மற்ற நிறம் ஒவ்வொன்று என்பதே போதும். எது முதலில் தீரும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த விகிதம் வரும். ஊசி நூறு என்பது வாரி இறைத்த மாதிரி தோன்றும். கடல்காற்றில் ஊசி துருப்பிடிக்கும், ஆடுகிற கப்பலில் கீழே விழுந்த ஊசி பலகை இடுக்கில் போனால் போனதுதான். 180 பேருக்கும் துண்டுத்துணி மட்டும் 360 பவுண்டு, அதாவது 160 கிலோவுக்கு மேல். ஊசி 18,000.

ஃப்ரை 1780இல் பிறந்தவர், குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். 1813இல் லண்டனின் நியூகேட் சிறைக்கு முதன்முதலாகப் போனார். பெண்களும் அவர்களோடு வந்த குழந்தைகளும் வைக்கோலில் படுத்துக் கிடந்தார்கள். 1817இல் அங்கே ஒரு பெண்கள் குழுவை அமைத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தாய்மார்களுக்குத் தையல் வேலையும் ஏற்பாடு செய்தார். துணியைக் கொடுத்தால் திருடிவிடுவார்கள், கிழித்துவிடுவார்கள் என்றார்கள் விஷயம் தெரிந்த பெரியவர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த வருடம், 1818இல், ‘மரியா’ என்ற கப்பலில் பெண் கைதிகளை ஏற்றும்போது கப்பலுக்கும் இந்த வேலையைக் கொண்டுபோனார். அதுவரை கைதிப் பெண்களைத் திறந்த வண்டியில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோவார்கள். தெருவில் கூட்டம் சேறு வாரி எறியும். மூடிய வண்டியில் கொண்டுபோக வைத்ததும் ஃப்ரைதான். மாதக்கணக்கில் கப்பலில் சும்மா உட்கார்ந்தால் சண்டைதான் வரும், எதையாவது தைக்கட்டும் என்று யோசித்தவருக்குக் கை கொடுத்தது மான்செஸ்டர் துணிக் கம்பெனிகளின் லண்டன் கிளைகள். மிச்சம் மீதி கலர்த்துணியைக் கேட்டதும் சில நாளில் வேண்டிய அளவு குவிந்துவிட்டது. வெட்டுத்துணிக்கு எந்த ஊர்க் கடையிலும் மதிப்பு கிடையாது, கேட்டால் எடுத்துப் போகச் சொல்வார்கள். நானும் வகுப்புக்கு வேண்டியதை அப்படித்தான் தையற்கடைகளில் வாங்கி வருவேன்.

சட்டையோ பாவாடையோ தைக்கச் சொல்லாமல் ஏன் ஒட்டுத்துணி வேலை? இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். உடுப்பு தைக்க மேசை வேண்டும், துணியை விரித்து வெட்ட வேண்டும், அளவெடுக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும். கப்பலின் கீழ்த்தட்டில் அது எதுவும் இல்லை. உள்ளங்கை அளவு துண்டை மடியில் வைத்துத் தைக்கலாம். அலை அடித்தால் அப்படியே பைக்குள் போட்டுவிடலாம். கெட்டிக்காரிக்கும் கற்றுக்குட்டிக்கும் சேர்ந்து வேலை இருக்கும். கரை கரையாக வளர்கிற அமைப்பு இன்னும் வசதி. ஆளுக்கொரு கரை தைத்துக் கடைசியில் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கிற இடத்தில்தான் வித்தை. ஒரு துண்டுக்கு நூலிழை பிசகினால் பதினோரு அடி ஓடி முடிகிறபோது மூலை இழுத்துக்கொண்டு நிற்கும். ராஜா விரிப்பின் பன்னிரண்டு கரைகளும் மூலைக்கு மூலை வந்து சேர்ந்திருக்கின்றன என்றால், அந்தக் கூட்டத்தில் கணக்குத் தெரிந்த ஒருத்தி, ஒருவேளை இரண்டு மூன்று பேர், இருந்திருக்கிறார்கள். 180 பேரும் தைத்திருப்பார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அத்தனை கை பட்ட துணி இப்படிப் படுக்காது.

தைத்து முடித்த போர்வை பெண்களுக்கே சொந்தம், விற்றுக்கொள்ளலாம் என்பதுதான் ஃப்ரையின் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு கப்பல் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது போர்வை ஒன்று ஒரு கினிக்குப் போனதாகச் சொல்வார்கள். 21 ஷில்லிங். கையில் காசோடு புது ஊரில் இறங்குவது வேறு, வெறுங்கையோடு இறங்குவது வேறு. அப்படி விற்றுத் தீர்ந்ததால்தானோ என்னவோ, கைதிகள் கப்பலில் தைத்ததில் நமக்குத் தெரிந்து மிஞ்சியது ராஜா விரிப்பு ஒன்றுதான்.

அதைத் தைக்க வைத்தவர் கெசியா ஹேய்ட்டர். மில்பேங்க் சிறையில் வேலை பார்த்தவர், கப்பலில் மேற்பார்வையாளராக வந்தபோது வயது 23. பயணத்திலேயே கேப்டன் சார்லஸ் ஃபெர்குசனுக்கும் அவருக்கும் நிச்சயமாகிவிட்டது, 1843இல் கல்யாணம். கீழ்த்தட்டுப் பெண்களுக்கு இதைவிட நல்ல பேச்சு வேறென்ன கிடைத்திருக்கும்! ஹோபார்ட்டில் இறங்கியதும் விரிப்பு ஆளுநரின் மனைவி ஜேன் ஃப்ராங்க்ளினிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறகு வெகுகாலம் கண்ணில் படவே இல்லை. 1987இல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டு மச்சில் கிடைத்து, 1989இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தது.

நடுவில் இருக்கிற அந்தப் பறவைகளைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? கும்பகோணத்துக்காரி நான், எங்கள் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் துணியில் கலம்காரி எழுதுகிறார்கள். பூவும் கொடியும் பறவையுமாகச் சாயம் ஏற்றிய துணியைச் சீமைக்குப் பழக்கியது நம் சோழமண்டலக் கரை. கடுக்காயில் ஊறவைத்து, படிகாரம் தீற்றி, சாயவேரில் காய்ச்சினால் வருகிற சிவப்பு துவைத்தாலும் போகாது. அதுதான் அங்கே பெரிய அதிசயம். மோகம் முற்றி, 1719இல் லண்டன் நெசவாளர்கள் சீட்டித்துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தார்கள். 1721இல் அச்சிட்ட பருத்தித்துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் சட்டம் தடை போட்டது. 1774இல்தான் அது நீங்கியது. இப்படி அருமைப்பட்ட துணியில் ஒரு பூவைக்கூட வீணாக்காமல் வெட்டி வெள்ளைத் துணியில் பரப்பித் தைக்கிற முறை அங்கே வளர்ந்தது. ராஜா கப்பல் கிளம்புவதற்குள் மான்செஸ்டர் ஆலைகள் அந்தப் பூக்களை உருளையில் அச்சடித்து நமக்கே விற்கத் தொடங்கியிருந்தன. கைதிகளின் பையில் இருந்தது அந்த ஆலைச் சரக்கு.

என் மருமகள் அடிலெய்டில் இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது எதிர்வீட்டு அம்மா, எழுபது தாண்டியவர், தன் கையால் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறார். “பதிலுக்கு ஏதாவது நல்லதா கொடுக்கணும் அத்தை. பட்டு சால்வையா, இல்ல குத்துவிளக்கா?” என்று போனில் கேட்டாள். சால்வையை அந்த அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார், விளக்கைத் துலக்க அவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்றேன். தைக்கிறவளுக்குத் தைத்து முடித்த எதையும் கொடுக்காதே. மிஞ்சினால் குறை கண்டுபிடிப்பாள், நானே அப்படித்தான். ராஜா கப்பல் கதையை அவளுக்கு அன்றைக்குத்தான் சொன்னேன்.

பார்சல் நான்தான் கட்டினேன். மதுரைச் சுங்குடி, அசல் பருத்தி, ஒரு நிறத்துக்கு அரை மீட்டர். ஒட்டுத்துணிக்காரிக்கு ஒரே நிறத்தில் அஞ்சு மீட்டர் கொடுப்பது அவளைக் கட்டிப்போடுவது. பத்து நிறத்தில் அரை மீட்டர் கொடுத்தால் அவள் இஷ்டத்துக்கு விளையாடுவாள். பாலியஸ்டர் கலந்தது ஒரு முழம்கூட வேண்டாம், இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் அது பருத்தியோடு ஒத்துப்போகாது. சுங்குடி சாயம் விடும். உப்புப் போட்டால் நிற்கும் என்பதை நான் நம்புகிறதில்லை. தண்ணீர் தெளிகிறவரை அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுத்தான் மடித்தேன். கூடவே வெள்ளைப் பருத்தி நூல்கண்டு நாலு. ஊசி வைக்கலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள். காலையில் வைத்துக் கட்டினேன். ‘உங்கள் அடுத்த போர்வைக்கு’ என்று எழுதலாமா என்றாள் மருமகள். வேண்டாம், துணி என்று மட்டும் எழுது, என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும் என்றேன்.

போன வாரம் மறுபடி போன். அந்த அம்மா அரக்குச் சிவப்பு இன்னும் அரை மீட்டர் கிடைக்குமா, காசு கொடுத்துவிடுகிறேன் என்கிறாராம். காசு வேண்டாம், அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மதுரைக்கு இன்றே சொல்லிவிட வேண்டும். அடுத்த தொட்டிச் சாயத்தில் அதே சிவப்பு வராது.