தார்ச்சாலையில் ஒரு களம்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரும் கொள்ளுச் செடியும் தார்ச்சாலையில் பரப்பப்படுகின்றன. வாகனங்கள் ஏறி இறங்க மணி உதிர்கிறது. மாலையில் சக்கையை ஒதுக்கி, மணியைக் கூட்டி அள்ளித் தூற்றுகிறார்கள். இதைப் போக்குவரத்து இடையூறு என்று கண்டிப்பவர்கள் உண்டு. எளியோரின் சாமர்த்தியம் என்று வியப்பவர்களும் உண்டு. இரு பார்வைகளும் போதா. களத்தை இழந்த ஊர், களத்தின் இலக்கணத்தைச் சாலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதே என் வாதம்.

களத்துக்கு வேண்டியவை இறுகிய தரை, வெயில், காற்று, நீர் தேங்காத மேடு. மண்களத்தை ஒவ்வொரு பருவமும் செதுக்கிச் சாணம் மெழுக வேண்டும். தார்த்தரைக்கு அந்த வேலை இல்லை. கருநிறம் வெப்பத்தை ஈர்க்கிறது. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த அமைப்பு மழைநீரை வடிக்கிறது. வயலைவிட உயரத்தில் கிடப்பதால் தூற்றுவதற்குக் காற்றும் வாய்க்கிறது. கதிரை மிதித்துத் தாம்பு ஓட்டிய மாடுகளின் வேலையைச் சக்கரங்கள் செய்கின்றன. காவிரிப் படுகையில் கதை வேறு. அங்கே அறுவடை இயந்திரமே கதிரடித்துவிடுவதால், நெல் சாலைக்கு வருவது காய்வதற்கு மட்டுமே. கொள்முதல் நிலையம் கேட்பது 17 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதம். ஒரே சாலை, பயிருக்கேற்ப இரு வேறு கருவியாகிறது.

கைக்கெட்டிய பொருளைக்கொண்டு காரியம் முடிப்பவனைப் பற்றி மானுடவியலாளர் லெவி-ஸ்த்ரோஸ் 1962இல் எழுதினார். உழவர் சாலையைக் களமாகத் தேர்ந்த நுட்பத்தை அது விளக்கும். தேவை எங்கிருந்து வந்தது என்பதை விளக்காது. அன்றாட வாழ்வை ஆராய்ந்த மிஷேல் தெ செர்த்தோ (1980) இன்னும் நெருங்கி வருகிறார்: தனக்கென இடமில்லாதவர் பிறர் இடத்தில் காலத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார். பாதிச் சாலையைக் கல் வரிசையால் மறித்து மறுபாதியை விடுவதும், பொழுது சாயுமுன் அள்ளிவிடுவதும் அப்படிப்பட்டவையே. ஆனால் நம் உழவர் இடமில்லாதவராகத் தொடங்கவில்லை. வருவாய்த்துறை ஆவணங்களில் களம் புறம்போக்கு என்றே ஒரு வகை உண்டு. பல ஊர்களில் அந்த நிலத்தில் இன்று கட்டடங்கள் நிற்கின்றன. உழவு மாடுகளும் குறைந்துவிட்டன. இந்த இழப்பைக் கணக்கில் எடுக்காமல் சாலைக்களத்தை மக்களின் படைப்பாற்றல் என்று மட்டும் கொண்டாடுவது அநீதி.

ஆபத்தும் மெய்யானது. இருசக்கர வண்டிகள் சறுக்குகின்றன. இரவில் அகற்றப்படாத கற்கள் உயிரைக் குடிக்கின்றன. காரின் அடியில் சுற்றிக்கொண்ட வைக்கோல் தீப்பிடிக்கிறது. விரைந்து வரும் வண்டிகளுக்கிடையே குனிந்து தானியத்தைக் கிளறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அரசு கட்டித்தரும் சிமெண்ட் உலர்களங்கள் நெல்லைக் காயவைக்க உதவும். கொள்ளையும் கேழ்வரகையும் அடித்துத் தர அங்கே சக்கரம் இல்லை. ஆகவே உழவரைச் சாலையிலிருந்து விலக்க விரும்பும் நிர்வாகம், களம் புறம்போக்கை முதலில் மீட்கட்டும். அங்கே குறைந்த வாடகைக்குக் கதிரடிக்கும் இயந்திரத்தையும் நிறுத்தட்டும். தடை உத்தரவு அதன் பிறகு வரட்டும்.